கோணல் சுவர்களும் வழக்கமில்லாத வாசல்களும்: வீட்டு வடிவமைப்பு மென்பொருளில் வரைய ஒரு முழுமையான வழிகாட்டி

நான்கு சுவர்களும் செங்கோணத்தில் சந்திக்கும் அறையை எந்த வீட்டு வடிவமைப்பு மென்பொருளிலும் சில நிமிடங்களில் வரைந்துவிடலாம். ஒரு மூலை சற்றே விரிந்திருந்தாலோ, ஒரே சுவர் பாதிவழியில் கனம் மாறினாலோ, கூரையின் சாய்வுக்கேற்ப சுவரின் தலை இறங்கினாலோ, வாசல் வளைந்த சுவரில் அமைந்திருந்தாலோதான் கை தயங்கத் தொடங்குகிறது. அப்போது பலரும் இதற்கென்று தனிக் கருவி ஒன்று எங்கேனும் ஒளிந்திருக்கும் என்று எண்ணி மெனுக்களைத் துழாவுகிறார்கள். பெரும்பாலும் அப்படி எதுவும் இருக்காது, தேவையும் இல்லை. மென்பொருளைப் பொறுத்தவரை சுவர் என்பது தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, கனம், இரு முனைகளின் உயரம், வேண்டுமானால் ஒரு வளைவு ஆகியவற்றை உடைய கோடு மட்டுமே. வாசல் என்பது அந்தக் கோட்டைத் துளைக்கும் ஒரு பெட்டி. எதிரில் நிற்கும் சுவரை இத்தகைய கோடுகளாகப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இந்த வழிகாட்டியில் எடுத்துக்காட்டுக்கு ஸ்வீட் ஹோம் 3டி மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அது குனு பொது உரிமத்தின் கீழ் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்குகிறது. வேறு மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு மெனுப் பெயர்கள் மாறலாம், கணக்குகள் மாறா. அளவுகள் அனைத்தும் சென்டிமீட்டரில் உள்ளன.

முதலில் அளவெடுப்பு

கணினியைத் திறப்பதற்கு முன்பே கோணல் சுவரின் பெரும்பகுதி தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அறையின் நீளத்தையும் அகலத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு வந்தால், மென்பொருள் காட்டும் செங்கோணத்தை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி இராது. ஒவ்வொரு சுவரின் நீளத்தோடு, எதிரெதிர் மூலைகளுக்கு இடையிலான இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் சமமாக இருந்து, எதிர்ச் சுவர்களும் சமமாக இருந்தால் அறை செங்கோணமானது. இல்லையென்றால் எந்த மூலை எவ்வளவு விலகியுள்ளது என்பதை மூலைவிட்டமே சொல்லிவிடும். தரையோரத்தில் ஒருமுறையும் இடுப்பு உயரத்தில் ஒருமுறையும் அளப்பது நல்லது, ஏனெனில் பூச்சு தடித்திருக்கும் இடத்தில் இரண்டுக்கும் வேறுபாடு வரும். மரச்சாமான் பொருத்துவதற்காக வரைகிறீர்கள் என்றால் இரண்டில் குறைந்த அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சுவரின் கனத்தை நேரடியாக அளக்கக்கூடிய இடம் பெரும்பாலும் வாசலும் சன்னலும்தான். அங்கே நிலைச்சட்டத்தை மட்டும் அளந்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. நிலை சில சுவர்களில் பூச்சைத் தாண்டி நீட்டிக்கொண்டும், சிலவற்றில் உள்ளே அடங்கியும் இருக்கும். பூச்சின் முகத்திலிருந்து எதிர்ப்பக்கப் பூச்சின் முகம் வரை உள்ளதே சுவரின் கனம். ஒவ்வொரு வாசலுக்கும் நிலையின் வெளி அகலம், வெளி உயரம், அருகிலுள்ள மூலையிலிருந்து நிலையின் ஓரம் வரை உள்ள தூரம், கதவு எந்தப் பக்கம் கீல் கொண்டு எந்த அறைக்குள் திறக்கிறது என்பன தேவை.

பக்கத்தை ஆயத்தம் செய்தல்

ஸ்வீட் ஹோம் 3டியில் புதிய சுவரின் கனம் 7.5 செ.மீ. என்றும் உயரம் 250 செ.மீ. என்றும் தொடக்கத்தில் வைக்கப்பட்டிருக்கும். பிரிஃபரன்சஸ் பகுதிக்குச் சென்று, உங்கள் கட்டடத்தில் மிகுதியாக உள்ள கனத்தையும் உயரத்தையும் இட்டுவிடுங்கள். பழைய வரைபடம் ஏதேனும் இருந்தால், பிளான் மெனுவில் உள்ள இம்போர்ட் பேக்கிரவுண்ட் இமேஜ் வழியாக அதைப் பின்னணியாகக் கொண்டுவரலாம். அளவுகோலை நிர்ணயிக்க அது ஒரு கோடு கேட்கும். படத்திலேயே நீளமான, அளவு உறுதியாகத் தெரிந்த கோட்டைத் தேர்ந்தெடுங்கள். கதவின் அகலம் போன்ற சிறிய அளவை வைத்து நிர்ணயித்தால், அதில் நேரும் சிறு பிழை முழு வீட்டிலும் பல மடங்காகப் பெருகும்.

கோடு எங்கே ஓடுகிறது

சுவரை வரையும்போது நீங்கள் சொடுக்கும் புள்ளிகள் சுவரின் உள்முகத்தில் அல்ல, அதன் மைய அச்சில் விழுகின்றன. நாடாவால் அளந்ததோ உள்முகத்திலிருந்து உள்முகம் வரை. எனவே உள் அகலம் 300 செ.மீ. உள்ள அறைக்கு இரு பக்கமும் 20 செ.மீ. கனமுள்ள சுவர்கள் இருந்தால், அச்சுகளுக்கு இடையிலான தூரம் 300 அல்ல, 320. ஒரு பக்கச் சுவர் 20, மறுபக்கம் 10 என்றால் 315. வரைந்து முடித்த பிறகு அறை சுருங்கிவிட்டதாகத் தோன்றினால் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான் தவறியிருக்கும்.

கிரியேட் வால்ஸ் கருவியைத் தேர்ந்தெடுத்து முதல் புள்ளியைச் சொடுக்கியதும், சுட்டியை நகர்த்தும்போது கோடு 15 பாகையின் மடங்குகளுக்குத் தானே இழுபடுவதைக் காணலாம். செங்கோண அறைக்கு இந்தக் காந்த ஈர்ப்பு உதவி. கோணல் சுவருக்கு இடையூறு. ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால் அது தற்காலிகமாக விலகும். மேக்கில் கமாண்ட் விசை, லினக்ஸில் ஷிஃப்ட், ஆல்ட் இரண்டும் சேர்த்து. வரைந்துகொண்டிருக்கும்போதே என்டரை அழுத்தினால் நீளத்தையும் கோணத்தையும் எண்ணாகவே தட்டச்சு செய்யலாம். சுட்டியால் பிடித்து நிறுத்துவதைவிட இதுவே நம்பகமானது.

செங்கோணமில்லாத மூலைக்கு

ஒரு மூலையிலிருந்து ஒரு சுவர் 400 செ.மீ., மற்றொன்று 300 செ.மீ. நீள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூலை செங்கோணமாக இருந்தால் அவற்றின் மறுமுனைகளுக்கு இடையே சரியாக 500 செ.மீ. இருக்கும். அளந்தபோது 507 கிடைத்தது என்றால் மூலை விரிந்திருக்கிறது. எவ்வளவு என்று அறிய கோணம் கண்டுபிடிக்க வேண்டிய தேவைகூட இல்லை, ஆயத்தொலைவே போதும். மூலையைத் தொடக்கமாகவும், 400 செ.மீ. சுவரைக் கிடைக்கோட்டிலும் வைத்துக்கொண்டால், மற்றச் சுவரின் முனையின் கிடைத்தொலைவு, 400இன் வர்க்கத்தோடு 300இன் வர்க்கத்தைக் கூட்டி, 507இன் வர்க்கத்தைக் கழித்து, 400இன் இரு மடங்கால் வகுத்தால் வருவது. அதாவது 1,60,000 கூட்டல் 90,000 கழித்தல் 2,57,049. விடை கழித்தல் 7,049. அதை 800ஆல் வகுத்தால் கழித்தல் 8.8. முனை செங்குத்துக் கோட்டிலிருந்து வெளிப்புறமாக 8.8 செ.மீ. விலகி நிற்கிறது. செங்குத்துத் தொலைவு 299.9, கோணம் ஏறத்தாழ 91.7 பாகை. ஒன்றே முக்கால் பாகைகூட இல்லாத விலகல், மூன்று மீட்டர் தாண்டும்போது ஒரு சாண் அளவை நெருங்கவில்லை என்றாலும், அலமாரியின் பின்பக்கம் கை நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுவிடும்.

இந்த எண்கள் உள்முகத்துக்கு உரியவை என்பதால் அவற்றைச் சுவரின் அச்சாக நேரடியாக இடக்கூடாது. கோணலான அறைக்கு நான் பரிந்துரைக்கும் முறை, கிரியேட் பாலிலைன்ஸ் கருவியால் அறையின் உள்முக எல்லையை முதலில் மெல்லிய கோடாக வரைந்துவிடுவது. பிறகு சுவர்களை அதன் வெளிப்புறமாக வரைந்து, அவற்றின் உள் ஓரம் அந்தக் கோட்டின் மேல் படியுமாறு, நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, அம்புக்குறி விசைகளால் நகர்த்துங்கள். முனைகளைத் துல்லியமாக நிறுத்த, சுவரை இருமுறை சொடுக்கினால் திறக்கும் மாடிஃபை வால்ஸ் சாளரத்தில் தொடக்க, முடிவுப் புள்ளிகளின் எக்ஸ், ஒய் மதிப்புகளை மாற்றலாம். இங்கே ஒய் மதிப்பு கீழ்நோக்கிக் கூடும் என்பதை நினைவில் வையுங்கள். பள்ளிக் கணக்குத் தாளின் பழக்கத்தில் எண்ணை இட்டால் சுவர் தலைகீழாகப் போய் நிற்கும்.

கனம் மாறும் சுவரும் சுவர் மாடமும்

24 செ.மீ. கனமுள்ள சுவர் ஒன்று பாதியில் 12 செ.மீ. ஆகக் குறைகிறது, ஆனால் அறைக்குள்ளிருந்து பார்த்தால் முகம் ஒரே சமமாக ஓடுகிறது. இதை ஒரே அச்சில் இரண்டு சுவர்களாக வரைந்தால், இரு பக்கமும் 6 செ.மீ. படி விழுந்துவிடும். மெல்லிய பகுதியின் அச்சை அறையின் பக்கமாக நகர்த்த வேண்டும். நகர்த்த வேண்டிய அளவு இரு கனங்களின் வேறுபாட்டில் பாதி, இங்கே 6 செ.மீ. ஏற்கெனவே முழுச் சுவராக வரைந்துவிட்டவர்கள் ஸ்பிளிட் வால் கட்டளையால் அதை இரண்டாக்கி, ஒரு பகுதியின் கனத்தை மாற்றி, பிறகு நகர்த்தலாம். ஸ்பிளிட் வால் சுவரை நடுவில்தான் வெட்டும். வெட்டிய பிறகு சந்திப்புப் புள்ளியை உரிய இடத்துக்கு இழுத்துக்கொள்ளுங்கள்.

மாடம், அதாவது சுவரின் முழுக் கனத்தையும் துளைக்காத குழிவு, சற்றுத் தந்திரம் கேட்கும். 24 செ.மீ. சுவரை, ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் இரண்டு 12 செ.மீ. சுவர்களாக வரையுங்கள். முன்சுவரில் மட்டும் கதவில்லாத வெற்று நிலையை வைத்து, அதன் உயரத்தையும் தரையிலிருந்து எழும் அளவையும் மாடத்துக்கேற்ப மாற்றுங்கள். அந்த நிலையின் ஆழம் பின்சுவரைத் தொடக் கூடாது. தொட்டால் அங்கும் துளை விழும். மேலிருந்து பார்க்கும்போது இரு சுவர்களுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அச்சிட்டுக் கொடுக்கும் வரைபடத்தில் அது கண்ணை உறுத்தலாம், முப்பரிமாணக் காட்சியில் தெரியாது.

வளைந்த சுவர்

வளைந்த சுவரின் ஆரத்தைத் தேடி அலைய வேண்டாம். வளைவின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துக் கட்டி அதன் நீளத்தை அளவிடுங்கள், அதுவே நாண். நாணின் நடுவிலிருந்து சுவர் வரை உள்ள ஆழத்தையும் அளவிடுங்கள். நாண் 240, ஆழம் 30 என்றால், ஆழத்தின் இரு மடங்கை நாணால் வகுக்க 0.25 கிடைக்கும். கணிப்பானில் அதன் தலைகீழ் டேன்ஜென்ட் 14.04 பாகை, அதை நான்கால் பெருக்கினால் 56 பாகை. நாணின் இரு முனைகளுக்கும் இடையே நேர்ச்சுவர் ஒன்றை வரைந்து, மாடிஃபை வால்ஸ் சாளரத்தில் ஆர்க் எக்ஸ்டென்ட் என்ற இடத்தில் 56 இட்டால் சுவர் வளையும். தவறான பக்கம் புடைத்தால் அதே எண்ணைக் கழித்தல் குறியோடு இடுங்கள். இதே வளைவின் ஆரம் தேவைப்பட்டால், நாணின் வர்க்கத்தை ஆழத்தின் எட்டு மடங்கால் வகுத்து, ஆழத்தில் பாதியைக் கூட்டுங்கள். 240 கூட்டல் 15, அதாவது 255 செ.மீ. இந்த எண் வாசலுக்கு வரும்போது பயன்படும். உள்முகத்தில் அளந்தீர்கள் என்றால் அச்சின் ஆரம் அரைக்கனம் அளவுக்குக் கூடும் அல்லது குறையும், கோணம் மாறாது. அது மட்டுமல்ல, நாணின் முனைகளையும் அதற்கேற்ப நகர்த்திக்கொள்ள வேண்டும்.

ஓர் அறையின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே வட்டத்தின் பகுதி என்று எண்ணிவிடக் கூடாது. நாணின் நடுவில் மட்டுமல்லாமல் கால்பங்குத் தூரத்திலும் ஆழத்தை அளவிடுங்கள். அங்கே ஆழம் நடுவாழத்தின் முக்கால் பங்கை ஒட்டி இல்லாவிட்டால் வளைவு சீரானதல்ல. அதை இரண்டு மூன்று வளைவுகளாகப் பிரித்து வரைவதே நேர்மையானது.

சாய்ந்து இறங்கும் தலை

கூரைச் சாய்வின் கீழ் நிற்கும் சுவருக்கு, மாடிஃபை வால்ஸ் சாளரத்தில் ஸ்லோப்பிங் வால் என்பதைத் தேர்ந்தெடுத்து, தொடக்க உயரத்தையும் முடிவு உயரத்தையும் தனித்தனியே இட வேண்டும். எது தொடக்கம் என்பது நீங்கள் வரைந்த திசையைப் பொறுத்தது. சுவரைத் தேர்ந்தெடுத்தால் அதன் நடுவில் தெரியும் அம்புக்குறி அந்தத் திசையைக் காட்டும். இடது முகம், வலது முகம் என்று வண்ணம் கேட்கும்போதும் இதே திசைதான் கணக்கு. அறைக்குள் பூச நினைத்த வண்ணம் வெளியே போய்விட்டால் ரிவர்ஸ் வால்ஸ் டைரக்‌ஷன்ஸ் கட்டளை அதைச் சரிசெய்யும். முகட்டின் கீழ் முக்கோணமாக முடியும் சுவரை ஒரே சுவராக வரைய இயலாது. முகட்டுக்கு நேர் கீழே அதை இரண்டாகப் பிரித்து, ஒன்று ஏறுவதாகவும் மற்றொன்று இறங்குவதாகவும் உயரங்களை இடுங்கள்.

இத்தகைய சுவரில் கதவு வைக்கும்போது, அது எங்கே நிற்கலாம் என்பதை முன்கூட்டியே கணக்கிடுவது நல்லது. 400 செ.மீ. நீளச் சுவர் ஒன்றின் தலை 240இலிருந்து 120க்கு இறங்கினால், ஒவ்வொரு மீட்டருக்கும் 30 செ.மீ. இழக்கிறது. நிலையின் உயரம் 205, அதன் மேல் குறைந்தது 5 செ.மீ. சுவர் தேவை என்றால், 210 செ.மீ. உயரம் கிடைப்பது உயர்ந்த முனையிலிருந்து 100 செ.மீ. வரைதான். 85 செ.மீ. அகல நிலை அதற்குள் அடங்கும், ஆனால் மூலையிலிருந்து 15 செ.மீ.க்கு மேல் தள்ளி வைக்க முடியாது. மென்பொருள் இதைத் தடுக்காது. நிலையின் மூலை கூரைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்பதை முப்பரிமாணக் காட்சியில் நீங்களேதான் கவனிக்க வேண்டும்.

வாசல்கள்

வாசலுக்காகச் சுவரை இரண்டு துண்டாக வரைந்து நடுவில் இடைவெளி விடுவது தொடக்கநிலையில் இருப்போரின் பழக்கம். அப்படிச் செய்தால் கதவுக்கு மேலே இருக்க வேண்டிய சுவர் காணாமல் போகும். சுவரை முழுதாக வரைந்து, பட்டியலிலிருந்து கதவை இழுத்து அதன் மேல் விட்டால், மென்பொருளே கதவைச் சுவரின் திசைக்குத் திருப்பித் துளையையும் போட்டுக்கொள்ளும். தரையிலிருந்து கூரை வரை எந்தத் தடையுமின்றித் திறந்திருக்கும் வழிக்கு மட்டும் இடைவெளி விடலாம். கதவில்லாத வாசலுக்கு வெற்று நிலையையும், வளைவான தலை கொண்ட வாசலுக்கு வட்டத்தலை நிலையையும் பட்டியலிலேயே காணலாம்.

கதவை இருமுறை சொடுக்கினால் திறக்கும் சாளரத்தில் கேட்கப்படும் அகலம் நிலையையும் சேர்த்த வெளி அகலம். ஆள் நடந்து போகும் வழியின் அகலத்தை அங்கே இட்டுவிட்டால், வரைபடத்தில் வாசல் குறுகி, பக்கத்தில் உள்ள அலமாரிக்கு இல்லாத இடம் இருப்பதாகத் தோன்றும். அகலத்தை மட்டும் மாற்ற விரும்பினால் கீப் ப்ரொபோர்ஷன்ஸ் குறியை முதலில் நீக்குங்கள், இல்லையேல் உயரமும் சேர்ந்து மாறும். கீல் மறுபக்கம் வர வேண்டுமானால் மிரர்டு ஷேப் குறியை இடுங்கள். கதவு அடுத்த அறைக்குள் திறக்க வேண்டுமானால் அதை 180 பாகை திருப்புங்கள். இவ்விரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் நான்கு வகைத் திறப்புகளும் கிடைத்துவிடும். ஒரு பக்கத் தரை உயர்ந்திருந்தால், எலிவேஷன் என்ற இடத்தில் அந்த உயரத்தை இடுங்கள்.

வளைந்த சுவரில் கதவு வைக்கும்போது, நிலை நேரானது, சுவர் வளைந்தது என்ற முரண்பாடு வெளிப்படும். 255 செ.மீ. ஆரமுள்ள வளைவில் 90 செ.மீ. அகல நிலையை வைத்தால், நிலையின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே சுவர் ஏறத்தாழ 4 செ.மீ. விலகியிருக்கும், நிலையின் அகலத்தை வர்க்கமாக்கி ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் இந்த எண் வரும். எனவே நிலையின் ஆழத்தைச் சுவரின் கனத்தைவிடக் குறைந்தது அவ்வளவு கூட்டினால்தான் துளை முழுமையாக விழும். ஆரம் சிறிதாக இருந்தால் இந்தக் கூடுதல் ஆழம் அசிங்கமாகத் துருத்தும். அப்போது வளைவை வளைவு, நேர்த்துண்டு, வளைவு என்று மூன்றாகப் பிரித்து, நேர்த்துண்டில் கதவை வைப்பதே மேல்.

மூலையைக் குறுக்காக வெட்டி அமைக்கும் வாசலுக்கு, முதலில் 45 பாகையில் ஒரு குறுக்குச் சுவர் தேவை. அதன் அச்சு நீளம் 110 செ.மீ. என்றால், மூலையிலிருந்து இரு பக்கச் சுவர்களும் தலா 77.8 செ.மீ. பின்வாங்க வேண்டும், 110ஐ 2இன் வர்க்கமூலத்தால் வகுத்த எண் அது. 110 செ.மீ. அச்சில் 90 செ.மீ. நிலையை வைப்பது இறுக்கமானது, ஏனெனில் சுவர்கள் சாய்வாகச் சந்திக்கும் இடத்தில் ஒரு முகம் மற்றதைவிடக் குறுகியிருக்கும். நிலையின் இரு ஓரங்களும் குறுகிய முகத்துக்குள் அடங்குகின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

பட்டியலில் இல்லாத வடிவத்தில் வாசல் வேண்டுமானால், ஓபிஜே போன்ற முப்பரிமாண வடிவக் கோப்பாக வேறு மென்பொருளில் உருவாக்கி, இம்போர்ட் ஃபர்னிச்சர் வழியாகக் கொண்டுவரலாம். அப்போது கேட்கப்படும் டோர் ஆர் விண்டோ என்ற குறியை இட மறந்தால், அது சுவரைத் துளைக்காமல் அதற்குள் புதைந்து நிற்கும்.

சரிபார்ப்பு

வரைந்து முடித்ததும், கிரியேட் டைமென்ஷன்ஸ் கருவியால் உள் மூலையிலிருந்து எதிர் உள் மூலை வரை கோடிட்டு, மூலைவிட்டங்களை நாடாவின் அளவுகளோடு ஒப்பிடுங்கள். பக்க நீளங்கள் பொருந்தி மூலைவிட்டம் மட்டும் பொருந்தாவிட்டால் கோணத்தில் பிழை. பக்கங்களே கனத்தின் அளவுக்குக் குறைந்தோ கூடியோ இருந்தால் அச்சுக் கணக்கில் பிழை. முப்பரிமாணக் காட்சியில் பார்வையாளரின் கண்மட்டத்துக்கு மாறி ஒவ்வொரு வாசலின் வழியாகவும் நடந்து பார்த்தால், சுவருக்குள் புதைந்த நிலையும் பாதி விழுந்த துளையும் உடனே தெரியும். கடைசியாக, கிரியேட் ரூம்ஸ் கருவியை எடுத்து அறையின் நடுவில் இருமுறை சொடுக்குங்கள். சுவர்கள் முழுமையாகச் சந்தித்திருந்தால் தரை தானாகவே அறையை நிரப்பும். நிரம்பாவிட்டால், எங்கோ ஒரு மூலையில் இரண்டு முனைகள் ஒட்டாமல் நிற்கின்றன. இணைந்த மூலையில் சுவர்களின் எல்லைக்கோடு இடையறாமல் ஓடும், இணையாத மூலையில் குறுக்கே ஒரு கோடு தெரியும். அந்த முனையைப் பிடித்து மற்றதன் மேல் இழுத்து விட்டுவிட்டு மீண்டும் சொடுக்குங்கள்.